பதினெட்டாயிரத்துக்குத் திரும்பிக்கொண்ட ராஜாக்கள்

கொடிக்காவயலில் மீசை ராஜா முதன்முதலாகப் பின்மண்டையைக் காட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, சந்தை கூடியிருந்த நேரத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வள்ளிக்கண்ணு டெய்லர் கடையில், துணி வெட்டும் மேசையின் மேல் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; நேரத்தை மட்டும் ஆளுக்குக் கால் மணி முன்னே பின்னே சொல்வார்கள், ஏனென்றால் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அத்தனை பேரும் நிஜமாகவே இருந்திருந்தால் அந்தக் கடை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நீண்டிருக்க வேண்டும். இருந்தவர்கள் மூன்று பேர். ஒன்று வள்ளிக்கண்ணு. இன்னொன்று ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த மீன்காரி சிகப்பி. மூன்றாவது, திருச்சியிலிருந்து பூதக்கண்ணாடியோடு வந்திருந்த பழங்காசு வியாபாரி சபரிநாதன்.

காசுகள் வள்ளிக்கண்ணுவின் அப்பா, அதற்கு முந்தின வருஷம் காலமான கண்டக்டர் அடைக்கலம் சேர்த்தவை. முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் தோல்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற மனிதர் அவர், வெற்றிலை விற்கப் போகிறவர்களும் ஆடு பிடிக்கப் போகிறவர்களும் சுருக்குப்பையை உதறி நீட்டுகிற சில்லறையில் செல்லாத காசு ஒன்று வந்து விழுந்தால், மற்ற கண்டக்டர்களைப் போல அவர்களைப் பாதி வழியில் இறக்கிவிடாமல், "இது ராஜா காசு ஆத்தா, செல்லாது, ஆனா எனக்கு வேணும், இதுக்கு நீ என்ன கேக்குறே?" என்பார். ஒரு டிக்கெட் என்றால் ஒரு டிக்கெட், ஐந்து ரூபாய் என்றால் ஐந்து ரூபாய், பேரம் பேசாமல் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்துவிட்டு, காசை ஒரு பழைய டிக்கெட்டில் மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வார். அப்படிச் சேர்ந்தது இருநூற்றுப் பன்னிரண்டு: மீசை ராஜா, வழுக்கை ராஜா, முக்காடிட்ட ராணி, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சிங்கங்கள், பிறகு புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு ஒன்று, புளியங்கொட்டையை விடச் சின்னது, அதில் அம்மன் நேராகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

அப்பா போனபிறகு ஒரு வருஷம் டப்பாவைத் திறக்காத வள்ளிக்கண்ணு அந்த ஐப்பசியில் திறந்ததற்குக் காரணம் கடைதான். பதினாறு வருஷமாக வாடகைக்கு இருந்து தைக்கிற எட்டடிக்குப் பத்தடிக் கடையை அதன் சொந்தக்காரர் பழனியப்பன் விற்கப்போகிறார், மகனோடு சென்னையில் போய் இருக்கப்போகிறார். "தை கடைசிக்குள்ள மூன்றரை லட்சம் கொண்டாந்தா கடை உனக்கு, ஆத்தா. இல்லைன்னா செல்போன்காரன் ஒருத்தன் கையில பணத்தோட நிக்கிறான்," என்று அவர் சொல்லியிருந்தார். சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் அவளிடம் இருந்தது. மீதி இரண்டு லட்சம் அந்த டப்பாவில் இருக்குமா என்பதுதான் கேள்வி.

சபரிநாதன் காசுகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வழுக்கை ராஜாவை எடுத்து இரண்டு தரம் பார்த்தார், மூன்றாம் தரம் பார்க்க ஆசைப்பட்டு, பார்க்காமலே கீழே போட்டார். பிறகு நாக்கைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாம் தேஞ்சு போச்சு தங்கச்சி. உங்கப்பா ஆசைக்குச் சேர்த்திருக்காரு, ஆசைக்கு மார்க்கெட் கிடையாது. உங்க மூஞ்சிக்காகச் சொல்றேன், பதினெட்டாயிரம்."

மேசையில் இருந்த மீசை ராஜாக்கள் அத்தனை பேரும் அப்போது மெல்லக் கழுத்தைத் திருப்பி, கிரீடத்தின் பின்பக்கத்தையும் அதன் கீழே கத்தரித்து விட்டிருந்த பிடரி முடியையும் காட்டினார்கள். வழுக்கை ராஜாக்கள் திரும்பியபோது வழுக்கை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ராணிகளின் முக்காடு முதுகு வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் உலகம் பார்த்தது.

"என்னங்கண்ணே, இவுக எல்லாம் அந்தப் பக்கம் பார்க்குறாக?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"லைட்டு அப்படி விழுது தங்கச்சி. சரி, இருபது."

யாரும் திரும்பவில்லை. சிகப்பி, அளவு நாடா இடுப்பில் தொங்க, குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "லைட்டு இல்ல. ராசா கோவிச்சுக்கிட்டாரு. நானும் வஞ்சிரத்தை நூறு ரூவாய்க்குக் கேட்டா இப்படித்தான் திரும்பிக்குவேன்."

வியாபாரி போனபிறகு வள்ளிக்கண்ணு, வளைந்துபோன ஊசியை மாற்றுகிற மாதிரி நிதானமாக, காசுகளிடமே கேட்டாள். ஐம்பதாயிரமா? எண்பதா? ஒரு லட்சத்தில் ஒரு ராணி காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். ஒன்றரையில் மீசைகளின் நுனி தெரிந்தது. ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் என்று சொன்னதும் டப்பாவே திரும்பிப் படுத்ததுபோல ஒரு சத்தம் கேட்டு, எல்லாத் தலைகளும் அச்சடித்தபடி தத்தம் இடத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டு லட்சம் என்று ஆசைக்குச் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் உடனே பின்மண்டையைக் காட்டினார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்தாயிரத்தைக் குறைத்துக்கொண்டாள்.

ஆக, நியாயமான விலை முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த விலைக்கு வாங்க ஆள்தான் இல்லை. சபரிநாதனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் கேட்டது; அதைக் கேட்டே ராஜாக்கள் மறுபடி திரும்பிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டு, டப்பாவைப் பார்த்து "ஒரு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரம்" என்று ஒரு தரம் சொல்வது அவளுக்குப் பழக்கமாயிற்று. அவர்கள் முகம் கொடுப்பார்கள். பிறகுதான் மிஷினை மிதிப்பாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், குடிதண்ணீர் குழாய் வந்தபோது எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படி: முதல் நாள் பார்க்க வந்தார்கள், இரண்டாம் நாள் குடத்தோடு வந்தார்கள். சிகப்பி தன் வெள்ளாட்டுக்குத் தரகர் சொன்ன விலையைக் காசுகளின் முன்னால் சொல்லிப் பார்க்க, ராஜாக்கள் திரும்பிக்கொண்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத்தான் பழையபடி ஆனார்கள். அவர்களுக்குத் தங்களைப் பற்றிச் சொன்ன விலையில்தான் வைராக்கியம், அடுத்தவர் விஷயத்தில் ஒரு டீ நேரத்துக் கோபம் போதும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. ஆட்டைத் தொடர்ந்து மாடு வந்தது, மாட்டைத் தொடர்ந்து மனை வந்தது, பள்ளிக்கூடத்து நன்கொடை வந்தது, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் என்ஜினியர், நாற்பது பவுன் என்று அவர்கள் சொல்லி முடிக்குமுன் ஒரு மீசை ராஜா திரும்பின வேகத்தில் மேசையை விட்டே உருண்டு பெடலுக்கடியில் போய் விழுந்தார். முப்பது என்றார்கள், இருபது என்றார்கள். கடைசியில் பெண்ணின் தகப்பன், "எதுவும் வேணாம்னு சொல்லிப் பாருங்களேன் சம்பந்தி," என்று கேட்க, மாப்பிள்ளையின் அம்மா, "காசு கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்துபோனாள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் சோலைமலை, இருபது வருஷத்துக்கு முன்பு தம்பி தன்னை ஏமாற்றி எழுதி வாங்கிய தோப்பின் விலையை வந்து சொன்னார். யாரும் அசையவில்லை. பத்து தரம் சொன்னார். முடிந்துபோன வியாபாரத்தில் ராஜாக்கள் தலையிடுவதில்லை என்று ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். வாத்தியார் அழுதுகொண்டே போனார். வள்ளிக்கண்ணு மிஷினை நிறுத்தி, அவர் தலை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மார்கழியில் உள்ளாட்சித் தேர்தல். ஓட்டுக்கு ஐந்நூறு என்று பேச்சு வந்ததும் ஊர் நேராகக் கடைக்கு வந்து காசுகளிடம் கேட்டது. ராஜாக்கள் திரும்பினார்கள். ஆயிரம் என்றார்கள், இரண்டாயிரம் என்றார்கள், ஒரு கிறுக்கன் பத்தாயிரம் என்றான். பிடரிகள் அசையவே இல்லை. எந்தத் தொகைக்கும் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே, இதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் ஒரு முழு நாள் யோசித்து, ஓட்டின் விலை இதுவரை ரொம்பக் குறைவாக இருந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. அந்தத் தடவை மூவாயிரம் கிடைத்தது.

இதில் சிங்கக் காசுகளின் கதை தனி. அவற்றில் சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் எவ்வளவு கோபித்துக்கொண்டு திரும்பினாலும் இந்தப் பக்கம் ஏதாவது ஒரு சிங்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இதைக் கவனித்த ஒரு கவுன்சிலர், ரோடு காண்ட்ராக்ட் தொகையைச் சொல்ல வந்தபோது ராஜா ராணிகளை எல்லாம் டப்பாவில் போட்டு மூடச் சொல்லிவிட்டு, சிங்கக் காசுகளை மட்டும் மேசையில் வைத்துச் சொன்னார். சிங்கங்கள் சம்மதித்தன.

அம்மன் காசு திரும்பிய அன்று மட்டும் ஊர் பயந்துபோனது. கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து, அம்மன் இருக்க வேண்டிய இடம் கோயில்தான், காசுக்கு ஈடாக வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு சால்வையும் ஒரு தூக்குச் சட்டி சர்க்கரைப் பொங்கலும் தருவதாகச் சொன்னார்கள். சொன்ன மாத்திரத்தில் அம்மன் முதுகைக் காட்டினாள். சந்தனம் அப்பினார்கள், குங்குமம் வைத்தார்கள், மூன்று நாள் பொங்கல் வைத்தார்கள். சால்வையை இரண்டாக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இப்படியே போனால் ஊர் என்னாகும் என்று வணிகர் சங்கம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. தலைவர் நாச்சியப்பன் மைக்கைப் பிடித்தார். "நாங்க நியாயத்துக்கு விரோதி இல்லைங்க. நியாயம் கண்டிப்பா இருக்கணும். ஆனா அது வியாபாரத்துக்கு நடுவுல வந்து நிக்கக் கூடாது." பலமாகக் கைதட்டினார்கள். என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. அப்போது மாட்டுத் தரகர் சின்னக்காளை எழுந்து தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

"எங்க சந்தையில அறுவது வருசமா எவனும் வாயால விலை சொன்னதில்ல. துண்டைப் போத்தி உள்ள கைய விட்டு விரலப் பிடிச்சா தீந்துச்சு. மாட்டுக்கே தெரியாது அது என்ன விலைக்குப் போவுதுன்னு. காசுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த வாரத்திலிருந்து கொடிக்காவயலில் யாரும் விலை பேசவில்லை. காய்கறிக் கடையில் துண்டு, மருந்துக் கடையில் துண்டு, பள்ளிக்கூட அலுவலகத்தில் பச்சைக் கரை போட்ட தனித் துண்டு. இரண்டு இட்லி என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் தட்டை வைத்துவிட்டுத் துண்டை நீட்டினார். ஆணும் பெண்ணும் விரல் பிடித்துப் பேசுவது முறையாகாது என்பதால் ஒவ்வொரு கடையிலும் வலது கையை இந்தப் பக்கமும் இடது கையை அந்தப் பக்கமும் கொடுக்க ஒரு கிழவர் உட்கார்த்தப்பட்டார். சிகப்பியின் மீன்கூடைக்கு வந்த கிழவர் இரண்டு கையும் கவிச்சி என்று மூன்றாம் நாளே ஓடிவிட்டார். ஏமாந்தவர்கள் முன்பு போலவே ஏமாந்தார்கள், ஆனால் சத்தமில்லாமல். ஊர் நிம்மதியாயிற்று.

துண்டுகள் ஈரோட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தன. எல்லாம் ஓரம் அடிக்காத துண்டுகள். பஸ் ஸ்டாண்டில் மிஷின் இருந்தது ஒருத்தியிடம்தான். நாச்சியப்பன் வந்து துண்டை விரித்துக் கையை நீட்டினார்.

"துண்டை மடிச்சு வைங்கண்ணே," என்றாள் வள்ளிக்கண்ணு. "ஒரு துண்டுக்கு மூணு ரூவா." வாயால் சொன்னாள். பல நாளாக வேலையில்லாமல் கிடந்த ராஜாக்கள் அசையாமல் கேட்டுக்கொண்டார்கள். நாச்சியப்பன் டப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்றார். ஆயிரத்து எழுநூறு துண்டுகளுக்கு ஓரம் அடித்தாள். ஊரின் திருட்டுத்தனத்துக்கு ஓரம் அடித்ததில் ஐயாயிரத்து நூறு ரூபாய் சேர்ந்தது. மீதி ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் வேண்டும். தை முடிய ஒரு நாள் இருந்தது. செல்போன்காரன் கடைக்கு வெளியே நின்று வாசலை அளந்துகொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் சபரிநாதன் திரும்ப வந்தார். வந்ததும் வராததுமாக டப்பாவைப் பார்த்து "பதினெட்டாயிரம்" என்றார். தலைகள் திரும்பின. அவர் முகம் மலர்ந்தது. பின்மண்டை காட்டுகிற ராஜா காசு உலகத்திலேயே வேறெங்கும் இல்லை, பம்பாயில் ஒருவர் அதற்காகத் தூக்கமில்லாமல் இருக்கிறார் என்பதை எல்லாம் அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் பை கனமாக இருந்தது. ஊர் வழக்கத்தைக் கேள்விப்பட்டுப் புதுத் துண்டு ஒன்றும் வாங்கி வந்திருந்தார். சிகப்பியை நடுவில் உட்காரவைத்துத் துண்டுக்குள் கையைக் கொடுத்தார்.

"ஒண்ணரைங்கிறாரு," என்றாள் சிகப்பி. "கை வேற வேர்க்குது."

"ஐயோ, வாயால சொல்லாதே ஆச்சி!" என்று பதறினார் சபரிநாதன்.

வள்ளிக்கண்ணு எழுந்து நின்றாள். "எங்கப்பா பஸ்ஸுக்குள்ள நூறு பேருக்கு நடுவுல சத்தமாத்தான் விலை பேசுவாரு. துண்டை எடுங்கண்ணே. என் விலை ஒரு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரம்."

எல்லா ராஜாவும் எல்லா ராணியும் முகத்துக்கு வந்தார்கள்.

"கெடுத்தியேம்மா!" சபரிநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். "இப்ப இது சாதாக் காசு. சாதாக் காசுக்கு யாரு அவ்வளவு தருவா? பதினெட்டாயிரம்!" திரும்பினார்கள். "ஆ! இப்ப அதிசயம். இப்ப எடுத்துக்கிறேன், ஒண்ணு தொண்ணூத்தஞ்சு!" முகத்துக்கு வந்தார்கள். "அய்யய்யோ, வேணாம், பதினெட்டு!" திரும்பினார்கள். வாசலில் கூடியிருந்த ஊர் ஒவ்வொரு தடவையும் தானும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, அன்று சாயங்காலம் பாதிப் பேருக்குச் சுளுக்கு. நியாயமான விலை கொடுத்தால் அதிசயம் போய்விடுகிறது. அதிசயம் இருக்க வேண்டுமென்றால் விலை அநியாயமாக இருக்க வேண்டும். அந்த விலைக்கு வள்ளிக்கண்ணு தரமாட்டாள். நாச்சியப்பன், "வியாபாரம்னா இதுதான்யா," என்று கண்கலங்கினார்.

நாலரை மணி பஸ் வந்து நின்றது. பழனியப்பன் சாவிக்கொத்தோடு வந்து வாசலில் நின்றார். செல்போன்காரன் அவருக்குப் பக்கத்தில் நின்றான்.

வள்ளிக்கண்ணு வாத்தியார் சோலைமலையை ஒரு தரம் பார்த்தாள். அவர் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தார். பிறகு சபரிநாதனிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, வாயே திறக்காம நான் சொன்ன பணத்தை முழுசா எடுத்து மேசையில வைங்க. டப்பாவை உங்க கையில வாங்கிக்குங்க. வாங்கினதுக்கப்புறம் பதினெட்டாயிரம்னு சொல்லுங்க, பத்துன்னு சொல்லுங்க, உங்க இஷ்டம். அதுக்கப்புறம் உங்களை மறிச்சு விலை சொல்ல நான் யாரு?"

சபரிநாதன் யோசித்தார். இத்தனை நாள் வியாபாரத்தில் இப்படி ஒரு ஏமாளியை அவர் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் பணத்தை எடுத்து வைத்தார். அவள் எண்ணிப் பார்த்தாள். சந்தனம் அப்பின அம்மன் காசை மட்டும் எடுத்து, "இவ எங்க ஊருக்காரி, இவளை அனுப்ப மாட்டேன்," என்று தனியே வைத்துக்கொண்டு, இருநூற்றுப் பதினொரு காசோடு டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். டப்பாவுக்குள் தலைகள் முகத்துக்கு வந்த சத்தம் கேட்டது.

"பரவாயில்லை, பரவாயில்லை," என்றபடி மூடியைத் திறந்து, தொண்டையைச் செருமி, ஆசையோடு சொன்னார்: "பதினெட்டாயிரம்."

மீசை ராஜா அச்சடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தாயிரம்! ஐயாயிரம்! ராஜா, ஐந்நூறு ரூபாய்!"

"முடிஞ்ச யாவாரம் தம்பி," என்றார் வாத்தியார் சோலைமலை, பல வருஷம் கழித்துச் சிரித்துக்கொண்டு. "அவுக தலையிட மாட்டாக."

பஸ் கிளம்பியது. ஜன்னலோரத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சபரிநாதன் "ஒரு ரூபாய்! ஓட்டைக் காலணா!" என்று கெஞ்சிக்கொண்டே போனதை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டார்கள். பணத்துக்குச் சரியான பொருளை வாங்கிக்கொண்டு ஏமாந்துபோனவர் எங்கள் ஊர் வரலாற்றில் அவர் ஒருவர்தான். பழனியப்பன் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். செல்போன்காரன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனான்.

காசுகள் போய் நாலு வருஷமாயிற்று. துண்டு போகவில்லை. இன்றைக்கும் கொடிக்காவயலில் இட்லி வாங்கக் கையை உள்ளே விட வேண்டும். வள்ளிக்கண்ணுவின் சொந்தக் கடையில் மட்டும் மிஷினுக்கு மேலே, அப்பாவின் பழைய டிக்கெட் ஒன்றின் மேல் அம்மன் காசை ஒட்டி வைத்திருக்கிறாள். விலையை யாராவது வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தால் தைக்கத் துணி இல்லாதவர்கள்கூட அங்கே போய்ச் சும்மா நிற்பார்கள்.

"ரவிக்கைக்கு என்னத்தா?" என்று போன வாரம் சிகப்பி கேட்டாள்.

"லைனிங்கோட இருநூத்தி அம்பது."

"நூத்தி அம்பது போட்டுக்க. நம்மளுக்குள்ள என்ன."

அம்மன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தோளை மட்டும் அசைத்தாள்.

"சரி சரி," என்று சிகப்பி அவசரமாக முந்தானையை அவிழ்த்தாள். "நீ முழுசாத் திரும்பாத தாயே. இருநூத்தி அம்பதே வச்சுக்கச் சொல்லு."